படத்தோடு பெயரும் பயணிக்க வேண்டும்: வீட்டுக் கணினிக்கான புகைப்பட மென்பொருள் ஒப்பீடும் டிஜிகேம் அமைக்கும் முறையும்

எங்கள் வீட்டுக் கணினியில் ஏறத்தாழ 18,000 படங்கள் இருக்கின்றன. பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, நான்கு கைபேசிகளிலிருந்து இறக்கியவை, உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, தாத்தா காலத்து ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை என எல்லாம் அதில் அடக்கம். சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவை அருகில் உட்காரவைத்து, கறுப்பு வெள்ளைப் படங்களில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு, அப்போது வைத்திருந்த ஒரு மென்பொருளில் 600 படங்களுக்குப் பெயர் எழுதினேன். அடுத்த ஆண்டு கணினி பழுதாகி விண்டோஸை மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. தனி வன்தட்டில் இருந்த படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. எழுதிய பெயர்களில் ஒன்றுகூட இல்லை. அந்த மென்பொருள் பெயர்களைப் படக்கோப்பில் எழுதாமல், சி டிரைவில் தனக்கென வைத்திருந்த தரவுத்தளத்தில் மட்டுமே சேமித்திருந்தது.

அதன்பிறகு எந்தப் புகைப்பட மென்பொருளைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான் எழுதுவதை இது எங்கே சேமிக்கிறது? தோற்றமும் வேகமும் முகமறியும் திறமையும் அதற்குப் பின்னால் வருபவை.

ஒரு ஜேபெக் கோப்புக்குள் படத்தைத் தவிர, படத்தைப் பற்றிய தகவல்களுக்கும் இடம் உண்டு. எடுத்த நாளையும் கேமராவின் விவரத்தையும் கேமராவே எழுதும் பகுதி எக்ஸிஃப். நாம் எழுதும் தலைப்பு, குறிச்சொல் (டேக்) போன்றவை ஐபிடிசி, எக்ஸ்எம்பி என்ற இரு பகுதிகளில் அமரும். இவற்றில் எக்ஸ்எம்பி 2001இல் அடோபி அறிமுகப்படுத்தியது. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் அதைப் படிக்கின்றன. நம் எழுத்து இந்தப் பகுதிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், மென்பொருள் மாறினாலும் கணினி மாறினாலும் அது படத்தோடு வரும்.

எந்த மென்பொருள் எப்படி

கூகுளின் பழைய புகைப்பட மென்பொருளான பிகாசாவை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் பலர். கூகுள் 2016 மார்ச் 15ஆம் தேதியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. ஜேபெக் படங்களுக்கு எழுதிய தலைப்புகளையும் குறிச்சொற்களையும் பிகாசா கோப்பிலேயே எழுதியது. முகங்களுக்கு இட்ட பெயர்கள் இயல்பாக அப்படியல்ல. அவை அதன் தரவுத்தளத்திலும், ஒவ்வொரு கோப்புறையிலும் மறைந்திருக்கும் பிகாசா.ஐஎன்ஐ என்ற சிறு கோப்பிலும் இருக்கும். ஆகவே பழைய கோப்புறைகளைச் சுத்தம் செய்யும்போது அந்தச் சிறு கோப்பை அழித்துவிடாதீர்கள்.

கூகுள் ஃபோட்டோஸ் தேடலில் மிகச் சிறந்தது; நானும் கைபேசியில் பயன்படுத்துகிறேன். 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றப்படும் படங்கள் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. அதைவிட முக்கியமானது, நம் தரவுகளைத் தரவிறக்கக் கூகுள் தரும் டேக்அவுட் வசதி வழியாகப் படங்களைத் திரும்ப எடுக்கும்போது, நாம் எழுதிய விளக்கங்கள் படத்துக்குள் இல்லாமல் பக்கத்திலேயே ஜேசன் எனும் தனித்தனி எழுத்துக் கோப்புகளாக வருகின்றன என்பது. மேக் கணினியின் ஃபோட்டோஸ் செயலியும் எழுதுவதைத் தன் நூலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. மூலப்படத்தை ஏற்றுமதி செய்யும்போது எக்ஸ்எம்பியையும் சேர்த்துக் கொடுக்கும்படி நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடோபியின் சந்தா மென்பொருளான லைட்ரூம் கிளாசிக், ரா படங்களை, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகளை, திருத்துபவர்களுக்கு உரியது. மாற்றங்களை எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தேர்வு அதில் உண்டு. ஆனால் அதை நாமே இயக்கிவிட வேண்டும். குடும்பப் படங்களுக்குப் பெயரிடுவதற்காக மட்டும் ஒருவர் சந்தா கட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். எக்ஸ்என்வியூ எம்பி வீட்டுப் பயன்பாட்டுக்கு இலவசம், மிக வேகமானது. ஆயிரம் படங்களை ஒரே மூச்சில் புரட்டிப் பார்த்து வேண்டாதவற்றைக் கழிப்பதற்கு இன்றும் அதைத்தான் திறக்கிறேன்.

பெயரிடவும் ஒழுங்குபடுத்தவும் நான் தேர்ந்தெடுத்தது டிஜிகேம். கேடிஇ என்ற திறமூல மென்பொருள் சமூகத்தினர் உருவாக்கும் மென்பொருள் அது, இலவசமானது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பட்டியல்களும் பொத்தான்களும் நிறைந்த அதன் திரை முதல் வாரம் திணறடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதை, எங்கே, எப்படி எழுத வேண்டும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக நம் கையில் விடும் இலவச மென்பொருள் வேறொன்றை நான் பார்க்கவில்லை.

படி 1: நகல்

படங்கள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் நகலெடுங்கள். இனி செய்யப்போவது படக்கோப்புகளுக்குள்ளேயே எழுதும் வேலை என்பதால், இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

படி 2: முதல் திறப்பு

டிஜிகேம் முதன்முறை திறக்கும்போது, படங்கள் இருக்கும் கோப்புறையையும் தரவுத்தளம் இருக்க வேண்டிய இடத்தையும் கேட்கும். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் என்ற தேர்வே வீட்டுக்குப் போதும். அதைக் கணினியின் உள்வட்டிலேயே வையுங்கள். தொடர்ந்து வரும் கேள்விகளில் ஒன்று, தகவல்களைக் கோப்புகளில் சேர்க்கவா அல்லது ஒன்றும் செய்யாமல் விடவா என்பது. சேர்க்கச் சொல்லுங்கள். முதல் முறை நான் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனதால் இந்தக் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை.

படி 3: எழுதும் இடத்தை உறுதிசெய்தல்

என்னை இரண்டு வாரம் நிறுத்திவைத்த படி இது. செட்டிங்ஸ் பட்டியலில் கான்ஃபிகர் டிஜிகேம் என்பதைத் திறந்து, மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய தகவல்கள்) பக்கத்துக்குச் செல்லுங்கள். எவற்றையெல்லாம் கோப்பில் எழுதலாம் என்ற பட்டியல் அங்கே இருக்கும். குறிச்சொற்கள், தலைப்பும் விளக்கமும், நட்சத்திர மதிப்பு, நேரம், முகக் குறிகள் ஆகிய எல்லாவற்றையும் குறியிடுங்கள். முகக் குறிகளை விட்டுவிட்டால், குழுப்படத்தில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் யார் என்ற தகவல் மட்டும் தரவுத்தளத்திலேயே தங்கிவிடும்.

கோப்பின் திருத்த நேரத்தைப் புதுப்பிக்கும் தேர்வையும் இயக்குங்கள். பல காப்புநகல் மென்பொருள்கள் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எது மாறியிருக்கிறது என்று முடிவுசெய்கின்றன. அது மாறாவிட்டால், பெயர் எழுதிய புதிய படம் நகலில் சேராமல் போகக்கூடும்.

ரா படங்களும் காணொளிகளும் வேறு வகை. அவற்றுக்குள் எழுதுவதை நான் விரும்புவதில்லை. அதே பக்கத்தில் சைட்கார் என்ற பகுதியில், எழுத முடியாத கோப்புகளுக்கு மட்டும் பக்கக்கோப்பு உருவாக்கும் தேர்வைக் கொடுத்தால், படத்தின் பெயரோடு எக்ஸ்எம்பி என்று முடியும் சிறு கோப்பொன்று அருகிலேயே உருவாகும். படத்தை வேறிடம் கொண்டுபோனால் அதையும் உடன் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தேர்வுகள் எல்லாம் இனிமேல் எழுதப்போவதற்கே பொருந்தும். இதற்கு முன்பே நூற்றுக்கணக்கில் பெயர் எழுதிவிட்டீர்கள் என்றால், டூல்ஸ் பட்டியலில் மெயின்டனன்ஸ் என்பதைத் திறந்து, மெட்டாடேட்டாவையும் தரவுத்தளத்தையும் ஒத்திசைக்கும் பணியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே திசை கேட்கும். தரவுத்தளத்திலிருந்து படத்துக்கு என்பதே நமக்கு வேண்டியது. எதிர்த்திசையைக் கொடுத்தால், பெயர் எழுதப்படாத கோப்புகளைப் படித்து, தரவுத்தளத்தில் இருக்கும் பெயர்களை இழக்க நேரிடும். தொடக்கு பொத்தானை அழுத்துமுன் திசையை இரண்டாம் முறை வாய்விட்டுப் படித்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 4: சோதனை

ஒரே ஒரு ஜேபெக் படத்துக்குக் குறிச்சொல் எழுதுங்கள். டிஜிகேமை மூடிவிட்டு, அந்தப் படத்தைப் பென்டிரைவில் போட்டு வேறொரு விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோங்கள். படத்தின் மீது வலச்சொடுக்கிட்டு, ப்ராபர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று சென்றால் டேக்ஸ் என்ற வரியில் நீங்கள் எழுதியது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் படி 3க்குத் திரும்புங்கள். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இந்தச் சோதனை பொருந்தும். 18,000 படங்களில் கைவைக்கும் முன் ஒரே படத்தில் இதைச் செய்துவிடலாம்.

படி 5: தேதிகள்

வாட்ஸ்அப் வழியே வந்த படங்களில் எக்ஸிஃப் தகவல் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் ஆண்ட்ராய்டு கைபேசியில் அவற்றின் கோப்புப் பெயரிலேயே 20190114 என்பதுபோல் நாள் இருக்கும். அது படம் வந்துசேர்ந்த நாள். எடுத்த நாளாக இருக்க வேண்டியதில்லை. டிஜிகேமில் நேரத்தையும் தேதியையும் சரிசெய்யும் கருவி, கோப்புப் பெயரிலிருந்து நாளை எடுத்துக்கொள்ளும். முன்னோட்டப் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்த பிறகே எழுதவிடுங்கள்.

ஸ்கேன் செய்த படங்களில் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும். பெரியம்மாவின் திருமணப் படங்கள் எங்கள் பட்டியலில் 2018 தீபாவளிப் படங்களுக்கு நடுவே கிடந்தன. ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்று எழுதி, ‘தேதி தோராயம்’ என்ற குறிச்சொல்லையும் சேர்க்கிறேன். பின்னால் வருபவர்கள் அந்த ஜனவரி 1ஐ உண்மை என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

படி 6: முகங்கள்

முகமறிதலுக்கான கூடுதல் கோப்புகளை டிஜிகேம் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். முதலில் ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு முகங்களையாவது நீங்களே பெயரிட்டுக் கொடுங்கள். அதன்பின் அது பரிந்துரைப்பதை ஒவ்வொன்றாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மங்கிய பழைய படங்களில் அக்காள் தங்கையரை மாற்றி மாற்றிச் சொல்லும். அங்கே வீட்டுப் பெரியவர்களின் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பின்சேர்க்கை 1: தமிழில் நீளமாக எழுதிய குறிச்சொல் வேறொரு மென்பொருளில் பாதியில் அறுந்து தெரிகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பழைய ஐபிடிசி தரத்தில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்டுகள்தான் இடம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடுகளே. ‘மீனாட்சிசுந்தரம்’ என்ற பெயர் மட்டுமே 48 பைட்டுகள். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆனாலும் குறிச்சொல்லில் பெயரை மட்டும் எழுதி, உறவுமுறையையும் ஊரையும் விளக்கப் பகுதியில் எழுதுவதே பாதுகாப்பானது.

பின்சேர்க்கை 2: வெளிவன்தட்டில் படங்களை வைத்திருப்பவர்கள், டிஜிகேமின் கலெக்‌ஷன்ஸ் பக்கத்தில் அதை உள்வட்டுத் தொகுப்பாகச் சேர்க்காமல், கழற்றக்கூடிய வட்டுகளுக்கான பகுதியில் சேர்க்க வேண்டும். அந்த வட்டைக் கழற்றியிருக்கும் நேரத்தில் ஒத்திசைவுப் பணியைத் தொடங்க வேண்டாம்.