கால் வளைவு நிமிர்த்திய பின்: தகடும் திண்ணைப் படியும்

வளைந்த காலை நிமிர்த்தும் ஆபரேஷனில், முட்டிக்குக் கீழுள்ள பெரிய எலும்பை உள்பக்கத்திலிருந்து வெட்டி, ஆப்பு வடிவில் திறந்து தகடு பூட்டுவார்கள். வெளிப்பக்கம் சுமார் 1 செ.மீ. வெட்டாமல் கீலாக விடுவார்கள்; அது முறிந்தால் திருத்திய கோணம் கலையும். தகடு செய்யும் டைட்டானியத்தின் விறைப்பு (வளையாத தன்மை) ஸ்டீலில் ஏறத்தாழப் பாதி. இருந்தும் எலும்பைப்போல ஐந்தாறு மடங்கு.

டாக்டர் 20 கிலோவரை ஊன்றலாம் என்றால், எடை மெஷினில் அந்தக் காலை வைத்து, முள் 20-ஐத் தொடும் அழுத்தத்தைப் பழகுங்கள். கண்மதிப்பு உதவாது. திண்ணைப் படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோல், பிறகு ஆபரேஷன் செய்த கால். ஈரமான ஆத்தங்குடிக் கல் தரை வழுக்கும்; ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஊன்றிய காலைத் திருகித் திரும்பாதீர்கள். சிகரெட், பீடி வேண்டவே வேண்டாம்: எலும்பு சேர்வது தள்ளிப்போகும், அதுவரை தகடே சுமை தாங்கி, திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடலாம்.