யோகா ஆசிரியர் பயிற்சிக்குப் பண உதவி பெறும் வழிகள்

யோகாவைக் கற்பிக்கும் ஆர்வமும் பல ஆண்டுப் பயிற்சியும் இருந்தும், ஆசிரியர் பயிற்சிக்கான கட்டணத்தைப் பார்த்தவுடன் விண்ணப்பிக்காமலே விலகிவிடுபவர்கள் பலர். இது வருத்தத்துக்குரியது. ஏனெனில், இந்தத் துறையில் கிடைக்கும் உதவியின் பெரும்பகுதி பயிற்சி நிலையங்களின் கையிலேயே இருக்கிறது. அதுவும் விளம்பரத்தில் இடம்பெறாமல், கேட்பவருக்கு மட்டும் கிடைப்பதாக இருக்கிறது. யாரிடம், எப்போது, எவ்வளவு கேட்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

உதவி கேட்பதற்கு முன் முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சி பெரும்பாலும் 200 மணி நேரம் கொண்டது. அதை நான்கு வாரங்கள் தங்கிப் படிக்கலாம், அல்லது வார இறுதிகளில் பல மாதங்கள் படிக்கலாம். பயிற்சிக் கட்டணத்துடன் விண்ணப்பக் கட்டணம், பாடநூல்கள், தங்குமிடம், உணவு, பயணம், முதலுதவிச் சான்றிதழ், படித்து முடித்தபின் ஆசிரியராகப் பதிவு செய்யும் கட்டணம், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் கட்டணம், வகுப்பெடுக்கும்போது தேவைப்படும் காப்பீடு ஆகிய அனைத்தையும் சேர்க்க வேண்டும். எல்லோரும் மறந்துவிடும் இனம் ஒன்று உண்டு: பயிற்சிக் காலத்தில் வேலைக்குப் போகாததால் இழக்கும் வருமானம். தங்கிப் படிக்கும் பயிற்சிக்குக் கட்டண விலக்கே கிடைத்தாலும், ஒரு மாதச் சம்பளம் போனால் அது கட்டுப்படியாகாமல் போகலாம். வார இறுதிப் பயிற்சியில் அந்த இழப்பு இல்லை. ஆகவே எந்த வடிவத்தில் படிப்பது என்பதையும் பண உதவியின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

அடுத்து, அந்தப் பயிற்சி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். 1999-இல் தொடங்கப்பட்ட யோகா அலையன்ஸ் என்னும் அமைப்பு உலகெங்கும் உள்ள பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்கிறது. 200, 300, 500 மணி நேரம் என்ற அளவுகள் பரவலானதற்கு அதுவே முக்கியக் காரணம். அந்தப் பதிவு அரசு தரும் கல்வி அங்கீகாரம் ஆகாது. பல நாடுகளில் அரசின் மாணவர் உதவித்தொகையும் கல்விக் கடனும் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் நடத்தும் படிப்புகளுக்கே கிடைப்பதால், தனியார் யோகா நிலையத்தின் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அவை பொருந்துவது அரிது. மாறாக, பல்கலைக்கழகத்தில் யோகா பட்டயமோ பட்டமோ படிப்பவர், மற்ற மாணவர்களைப் போலவே வழக்கமான உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். நீண்ட நாள் நோக்கம் யோகா சிகிச்சை என்றால், பன்னாட்டு யோகா சிகிச்சையாளர் சங்கம் அங்கீகரிக்கும் பயிற்சிக்குக் குறைந்தது 800 மணி நேரம் தேவை என்பதை இப்போதே கணக்கில் கொள்வது நல்லது. கையிருப்பு முழுவதையும் முதல் 200 மணி நேரத்திலேயே கரைத்துவிட்டால் அடுத்த படிக்கு எதுவும் மிஞ்சாது.

நிலையங்கள் தரும் உதவி பல வகைப்படும். முழு உதவித்தொகை அரிது; ஒன்றாகச் சேர்ந்து படிக்கும் ஒரு மாணவர் அணிக்கு ஒன்றிரண்டு இடம் இருந்தாலே பெரிது. கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது, வருமானத்துக்கேற்பக் கட்டணம் நிர்ணயிப்பது, முன்கூட்டிச் சேர்பவருக்குச் சலுகை அளிப்பது, வட்டியில்லாத் தவணை அனுமதிப்பது ஆகியவை அதைவிடப் பரவலானவை. மாற்றுத்திறனாளிகள், அகதிகள், யோகா சென்றடையாத சமூகங்களிலிருந்து வருபவர்கள் ஆகியோருக்குச் சில நிலையங்கள் தனி இடம் ஒதுக்குகின்றன. ‘உதவித்தொகை’ என்ற பெயரில் வருவது எல்லாம் உதவித்தொகை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும்: விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தால் அது விளம்பரத் தள்ளுபடி. அதை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அதே பயிற்சியைப் பிற நிலையங்கள் வாங்கும் கட்டணத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

உழைப்புக்கு ஈடாகக் கட்டணத்தைக் குறைப்பது இந்தத் துறைக்கே உரிய பழைய வழி. ஆசிரமங்களில் அதைக் கர்ம யோகம் என்றும் சேவை என்றும் சொல்வார்கள்: சமையலறையில் உதவுவது, கூடத்தைத் துடைப்பது, வரவேற்பு மேசையில் அமர்வது, நிலையத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது போன்றவை. பணமில்லாதவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆயினும் எல்லை வகுக்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம், அந்த உழைப்புக்கு ஈடாகக் கட்டணத்தில் எவ்வளவு குறையும், இடையில் நோயுற்றால் என்ன செய்வது என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். விடியற்காலைப் பயிற்சி, பகலில் தத்துவ வகுப்பு, மாலையில் மீண்டும் ஆசனம் என்று நாள் முழுவதும் நிறைந்திருக்கும் தங்கிப் படிக்கும் பயிற்சியின்போதே இந்த வேலையையும் செய்வது உடலுக்குத் தாங்காது. பயிற்சி தொடங்குவதற்கு முன்போ முடிந்த பின்போ அதைச் செய்ய அனுமதி கேட்பதே என் பரிந்துரை.

நிலையத்துக்கு வெளியே முதலில் அணுக வேண்டியது உங்கள் முதலாளியைத்தான். பள்ளி ஆசிரியர், செவிலியர், இயன்முறை மருத்துவர், முதியோர் இல்லப் பணியாளர் ஆகியோருக்குப் பணித்திறன் மேம்பாட்டு நிதி இருந்தால், யோகாவை அன்றாடப் பணியில் எங்கே பயன்படுத்துவீர்கள் என்று காட்டி அதைக் கேட்கலாம். உள்ளூர்த் தொண்டு அமைப்புகளும் தொழிற்பயிற்சித் திட்டங்களும் அதற்குப் பின்.

விண்ணப்பத்தை முன்பணம் கட்டுவதற்கு முன்பே, பயிற்சி தொடங்கப் பல மாதங்கள் இருக்கும்போதே அனுப்ப வேண்டும். இடங்கள் நிரம்பியபின் நிலையத்தால் விட்டுக்கொடுக்க முடிவது மிகக் குறைவு. பொதுவாக உதவி வேண்டும் என்று எழுதுவதைவிட, தொகையைக் குறிப்பிட்டு எழுதுவது பயன் தரும். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

“தங்கள் 200 மணி நேரப் பயிற்சியில் சேர விரும்புகிறேன். கட்டணத்தில் பாதியை மாதத் தவணையில் என்னால் செலுத்த இயலும். மீதிப் பாதிக்குக் கட்டண விலக்கோ, வாரம் ஆறு மணி நேர வேலைக்கு ஈடான சலுகையோ அளிக்க இயலுமா என்று அறிய விரும்புகிறேன். பயிற்சிக்குப் பின், நான் இப்போது பணிபுரியும் முதியோர் இல்லத்தில் நாற்காலி யோகா வகுப்புகள் தொடங்கத் திட்டமிட்டுள்ளேன்.”

இந்தக் கடிதத்தில் இரக்கம் தேடும் சொல் ஒன்றும் இல்லை. தன்னால் முடிந்தது, தேவைப்படுவது, அதனால் பிறருக்கு விளையும் பயன் ஆகிய மூன்றும் இருக்கின்றன. வறுமையை விரித்து எழுத வேண்டியதில்லை. வருமானச் சான்று அதைச் சொல்லிவிடும். அதனுடன் உங்கள் பயிற்சியை நேரில் அறிந்த ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தை இணைத்தால் வலுச் சேரும்.

கடன் வாங்குவது பற்றி நான் உறுதியாகவே சொல்வேன்: அதிக வட்டிக் கடனிலும் கடன் அட்டையிலும் இந்தப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். புதிய ஆசிரியருக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு ஓரிரு வகுப்புகளே கிடைக்கக்கூடும். மாதத் தவணையோ முதல் மாதமே கேட்கும்.

உதவி உறுதியானதும், தொகை, தவணைத் தேதிகள், இடையில் விலகினால் பணம் திரும்புமா, உதவித்தொகையையும் திருப்பிச் செலுத்த நேருமா என்பவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உதவித்தொகையை விடுவிக்கவே முதலில் பணம் அனுப்பச் சொல்பவரிடமிருந்து விலகிவிடுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால், காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கும்படியும் அடுத்த அணிக்கு இதே விண்ணப்பத்தைக் கருதும்படியும் கேட்டு எழுதுங்கள். கடைசி வாரங்களில் யாரேனும் விலகினால், காலியான இடத்தை நிரப்பக் குறைந்த கட்டணத்துக்கும் நிலையம் இசையக்கூடும்.