தமிழில் கிழமை காட்டும் கடிகார விட்ஜெட்: ரெயின்மீட்டரில் முதல் முயற்சி

விண்டோஸ் 7-இல் இருந்த கேட்ஜெட்டுகளை (கடிகாரம் போலத் திரையில் நிற்கும் சிறு செயலிகள்) பாதுகாப்புக் கோளாறுகளால் மைக்ரோசாஃப்ட் கைவிட்டுவிட்டது. அந்த இடத்தை நிரப்ப ரெயின்மீட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முதல் நாளே வெற்றுக் கோப்பிலிருந்து எழுத உட்காராதீர்கள். கூடவே வரும் கடிகாரத்தைப் பிரதியெடுத்து மாற்றுவதுதான் சுலபம்.

1. ரெயின்மீட்டரை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். திரையில் சில கறுப்புப் பெட்டிகள் தோன்றும். அவற்றுக்கு ஸ்கின் என்று பெயர்; இந்தத் தொகுப்பு இலஸ்ட்ரோ.

2. டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் ரெயின்மீட்டர், அதற்குள் ஸ்கின்ஸ். அங்கே இலஸ்ட்ரோ ஃபோல்டரை முழுதாகக் காப்பி செய்து, பக்கத்திலேயே வேறு பெயரில் வையுங்கள். கடிகார ஃபோல்டரை மட்டும் தனியே எடுத்தால் பின்னணிப் படம் வராது. அந்தப் படம் இலஸ்ட்ரோவின் பொது ரிசோர்சஸ் ஃபோல்டரில் இருக்கிறது. மூலத்திலேயே கை வைக்கவும் வேண்டாம், மென்பொருளைப் புதுப்பிக்கும்போது உங்கள் மாற்றங்கள் அழிந்துபோகலாம்.

3. டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள நீர்த்துளி ஐகானைச் சொடுக்கினால் மேனேஜ் ஜன்னல் திறக்கும். ரெஃப்ரெஷ் ஆல் கொடுத்து, உங்கள் ஃபோல்டரின் கடிகாரத்தை லோட் செய்யுங்கள். பழைய கடிகாரத்தை அன்லோட் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதை மாற்றுகிறோம் என்றே குழப்பம் வரும்.

4. கடிகாரத்தின் மேல் ரைட் கிளிக் செய்து எடிட் கொடுத்தால் கோப்பு நோட்பேடில் திறக்கும். மேலே வேரியபிள்ஸ் பகுதியில் நிறங்கள் நான்கு எண்களாக இருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் ஒளி ஊடுருவாத அளவு (0 என்றால் தெரியாது, 255 என்றால் முழுதாகத் தெரியும்). எல்லாமே 0 முதல் 255 வரை. 255,200,0,255 என்று போட்டால் மஞ்சள். ஃபான்ட் பெயர் இருக்கும் இடத்தில் நிர்மலா யூஐ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். விண்டோஸுடன் வரும் எழுத்துரு, தமிழ் நன்றாகத் தெரியும்.

5. இனிதான் சுவாரசியம். கிழமையைக் கணக்கிடும் பகுதியில் சதவீதக் குறியும் பெரிய 'ஏ'யும் உள்ள வரியைத் தேடுங்கள். அதற்குக் கீழே, ஆங்கில எழுத்துகளில் சப்ஸ்டிட்யூட் என்று ஒரு வரி, அதையடுத்து சமக்குறி. பிறகு ஒவ்வொரு ஆங்கிலக் கிழமையையும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதி, முக்காற்புள்ளி (:) இட்டு, "திங்கள்" என்பது போலத் தமிழ்ப் பெயரை மேற்கோளுக்குள் எழுதுங்கள். ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே காற்புள்ளி. ஏழும் ஒரே வரியில் வர வேண்டும். மேற்கோள் வளையாமல் நேராக இருக்கட்டும். வேர்டிலிருந்து ஒட்டினால் வளைந்துவிடும்.

6. சேவ் ஆஸ் கொடுத்து, என்கோடிங் பட்டியலில் யூடிஎஃப்-16 எல்இ தேர்ந்தெடுங்கள். இதை விட்டால் தமிழுக்குப் பதில் புரியாத குறிகள்தான் வரும். சேமித்ததும் ரைட் கிளிக், ரெஃப்ரெஷ்.

எழுத்து சிறிதாகத் தெரிந்தால் டெக்ஸ்ட்சைஸ் எண்ணை 8-லிருந்து 10 ஆக்கிப் பாருங்கள். ஒருவேளை கிளிக் த்ரூ என்பதை டிக் செய்துவிட்டால் கடிகாரம் ரைட் கிளிக்குக்கு அசையாது. மேனேஜ் ஜன்னலில் போய் அந்த டிக்கை எடுங்கள்.