ரத்த இறகு உடைந்தால் செய்யக் கூடாதவை

காக்டெய்ல் என்ற கொண்டை வைத்த சின்னக் கிளியை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் எப்படியும் ஒரு காலையில் கூண்டைப் பார்த்து அலறுவார்கள். கம்பி, சுவர், தண்ணீர்க் கிண்ணம், எங்கும் ரத்தப் புள்ளிகள். பறவை ஒரு மூலையில் இறக்கையைத் தளர்த்திக்கொண்டு நிற்கும். அடுத்த நிமிடம் எனக்கு போன் வரும். நான் முதலில் கேட்பது, "இப்போ கையில என்ன வெச்சிருக்கீங்க?" என்றுதான். "கட்டிங் பிளேயர் சார்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். புதிதாக முளைக்கும் இறகு ஒரு உறைக்குள் சுருண்டு வளரும். அது வளர்ந்து முடியும்வரை தண்டுக்குள் ரத்தம் ஓடும். வளர்ச்சி முடிந்ததும் ரத்தம் பின்வாங்கி, தண்டு உள்ளே காலியாகிவிடும். ரத்தம் ஓடும் காலத்தில் இருக்கும் இறகைத்தான் ரத்த இறகு என்கிறோம். வளர்ப்பவர்கள் வாயில் 'பிளட் ஃபெதர்'. தலையிலும் கழுத்திலும் குச்சி குச்சியாக நிற்கும் சின்ன முளைகள் உடைந்தால் ஒரு துளி வந்து நின்றுவிடும். இறக்கையிலும் வாலிலும் உள்ள பெரிய இறகுகள்தான் பயமுறுத்தும்.

கூண்டைச் சுத்தமாக வையுங்கள், பூனையை அண்ட விடாதீர்கள் போன்றவற்றை உங்கள் பாட்டியே சொல்லியிருப்பார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்தத்தைக் கண்ணால் அளப்பது

பறவையின் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தம். 90 கிராம் காக்டெய்லுக்கு ஏறத்தாழ 9 மில்லி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிக்குச் சற்றுக் குறைவாகப் போனால், ஆரோக்கியமான பறவை தாங்கிக்கொள்ளும். ஒரு மில்லி என்பது சுமார் இருபது துளி. பறவை படபடவென்று இறக்கை அடித்தால் ஐந்தாறு துளியே கூண்டு முழுக்கத் தெறித்து, ஏதோ கொலை நடந்த இடம் மாதிரி காட்டும். அதைப் பார்த்துக் கை நடுங்குகிறவர்தான் அடுத்த தவறைச் செய்வார். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி விஷயத்தில் மட்டும் கணக்கு வேறு. அது 30, 35 கிராம்தான் இருக்கும். ஆறேழு துளிக்கு மேல் போனால் அதற்கு அலட்சியம் கூடாது.

உடனே பிடுங்குவது

'உடைந்த ரத்த இறகு திறந்துவிட்ட குழாய் மாதிரி, வேரோடு பிடுங்கினால்தான் ரத்தம் நிற்கும்.' பழைய வளர்ப்புக் கையேடுகளில் இருந்த அறிவுரை. இன்றைக்கு அதையே இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துப் போடுகிறார்கள். வீடியோவில் இறகு ஒரே இழுப்பில் வந்துவிடும். பறவை கத்துவது மட்டும் கேட்காது, மேலே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில், அது குழாய் இல்லை. உள்ளே இருப்பது ரத்த நாளம், அதில் ரத்தம் உறையும். உடைந்த இடத்துக்குக் கீழே, தண்டை இரண்டு விரலால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுவில் நின்றதா நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதுதான் நம்மால் முடியாத காரியம்.

இரண்டாவது, இறக்கையின் பெரிய இறகுகள் வெறும் தோலில் நட்டவை அல்ல. அவற்றின் வேர் எலும்போடு இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பறப்பதன் முழு விசையையும் தாங்க வேண்டிய இறகு அப்படித்தான் இருக்க முடியும். அதை ஒரு கையால் பறவையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழுத்தால் இழுபடுவது எலும்பு. தீக்குச்சி கனம்கூட இல்லாத எலும்பு. தெரிந்த ஒருவர் தன் லுட்டினோ (மஞ்சளும் வெள்ளையுமான நிற வகை) காக்டெய்லின் இறகை இப்படி இழுத்தார். இறகு வந்தது, ரத்தமும் நின்றது, மகிழ்ச்சியாகப் படம் அனுப்பினார். படத்திலேயே இறக்கை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. எலும்பு முறிவு. ஐந்து ரூபாய் சோள மாவில் முடிந்திருக்க வேண்டியது எக்ஸ்ரே, கட்டு, வாரக்கணக்கில் சின்னப் பெட்டிக்குள் அடைப்பு என்று நீண்டது. அந்தப் பறவை இன்றைக்கும் நேராகப் பறப்பதில்லை.

இன்னொரு வகை, பாதி பிடுங்குகிறவர்கள். முளைக்கும் தண்டு மென்மையானது, பிளேயர் அழுத்தத்தில் நசுங்கித் தோல் மட்டத்திலேயே அறுந்துவிடும். அப்போது பிடித்து அழுத்தக்கூட வெளியே தண்டு இருக்காது. இறகு முளைக்கும் குழி கிழிந்தால், பின்னால் அந்த இடத்தில் இறகே வராமல் போகலாம், அல்லது தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டியாகலாம். அந்தக் கட்டிக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

எனக்கு எரிச்சல் மூட்டுவது இவை எல்லாவற்றையும் விட இன்னொன்று. பிடுங்கிய இடத்தில் உடம்பு உடனே புது இறகை முளைக்க விடும். அது என்ன? இன்னொரு ரத்த இறகு! அதே இடைவெளியில், பக்கத்தில் துணை இறகு இல்லாமல், அதே மாதிரி உடையத் தயாராக. உடைந்ததை அப்படியே காயவிட்டால் அது அடுத்த இறகு உதிர்ப்பு வரை குச்சியாக நின்றுவிட்டுத் தானாக விழும். பிடுங்கினவர் சில வாரத்தில் மறுபடி போன் செய்வார்.

பிடுங்கியே ஆக வேண்டிய சந்தர்ப்பமே இல்லையா என்றால், இருக்கிறது. தோலை ஒட்டி உடைந்து, நின்ற ரத்தம் மறுபடி மறுபடி கசிந்தால் பிடுங்க நேரலாம். அதை மருத்துவர், வலி மருந்தோ மயக்கமோ கொடுத்து, எலும்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, இறகு வளரும் திசையிலேயே எடுப்பார். அவர்களிலேயே பலர் இப்போது தண்டின் நுனியைத் திசுப் பசையால் (காயத்தை ஒட்டும் மருத்துவப் பசை) அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்குப் போகிறார்கள். பிளேயரை டூல் பாக்ஸிலேயே வையுங்கள்.

மார்பை இறுக்கிப் பிடிப்பது

நமக்கு உள்ளது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. பயத்தில் உள்ளங்கையால் இறுக்கினால், ரத்தம் போய்ச் சாகாத பறவை மூச்சு முட்டிச் சாகும். மெல்லிய துண்டால் போர்த்தி, தலையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பிடியுங்கள். மார்பு சுதந்திரமாக இருக்கட்டும். இரண்டு பேர் இருந்தால் நல்லது, ஒருவர் பிடிக்க, ஒருவர் அழுத்த.

கைக்குக் கிடைத்த பொடியை அப்புவது

வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்தவரைப் பார்த்திருக்கிறேன். அது தோலைச் சுடும். நகம் வெட்டும்போது ரத்தம் நிற்கப் போடும் பொடியும் சுடுவதுதான். நகத்துக்கு அது சரி, தோலிலும் இறகுக் குழியிலும் படக் கூடாது. சமையலறையில் உள்ள சோள மாவோ மைதாவோ போதும். உடைந்த நுனியில் ஒரு சிட்டிகை வைத்து அழுத்துங்கள். அலகுக்குள் போனாலும் கெடுதல் இல்லை. பஞ்சு வேண்டாம், நார் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் உறைந்தது பெயரும்.

தேங்காய் எண்ணெய், களிம்பு, டெட்டால்

வேண்டாம்.

நம் மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது

கால் மாத்திரை, அரைக்கால் மாத்திரை என்று பேரம் பேசாதீர்கள். கூடாது.

நின்றதும் பழைய கூண்டில் விடுவது

ரத்தம் நின்ற முதல் சில மணி நேரம்தான் ஆபத்து. கூண்டில் விட்டதும் கயிற்றில் தாவி, கம்பியில் இடித்து, மறுபடி ஆரம்பிக்கும். சின்னப் பெட்டியிலோ பயணக் கூண்டிலோ விடுங்கள், ஊஞ்சலும் உயரமான குச்சியும் இல்லாமல். அடியில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் விரித்தால் புதுத் துளி விழுந்தது தெரியும். அரை இருட்டு, வெதுவெதுப்பு, சத்தம் இல்லாத அறை. அன்றைக்குக் குளியல் கிடையாது. பிள்ளைகளைப் பார்க்க விடாதீர்கள், மாமாவையும்தான்.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் நிற்கவில்லை, பறவை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்கிறது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுகிறது, இறக்கை தொங்குகிறது, விடாமல் அந்த இறகையே கடிக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். பறவை பார்க்கும் மருத்துவரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பறவையைத் தொடுவதில்லை. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பச்சைக்கிளி என்பதால் மறைப்பது

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பயத்தில் மருத்துவரிடம் போகாமல் வீட்டிலேயே அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் உண்டு. கிளியை வளர்த்தது ஒரு தவறு, ரத்தம் சொட்டச் சொட்ட ஒளித்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. வனத்துறையிடம் ஒப்படைத்தால் அதற்குச் சிகிச்சையாவது கிடைக்கும்.

இறக்கையைக் கத்தரித்து வளர்ப்பது

புது இறகு முளைக்கும்போது இரு பக்கமும் வளர்ந்த இறகுகள் நின்று அதற்கு அடியும் இடியும் படாமல் காக்கும். கடையில் 'பழக்கமான பறவை' என்று தருவதற்காக வரிசையாக வெட்டிவிடுவார்கள். அதன்பிறகு முளைப்பது ஒவ்வொன்றும் தனியாக, வெட்டவெளியில் நிற்கும். சமநிலை இல்லாமல் பறந்து தரையில் விழும் பறவைக்கு முதலில் அடிபடுவது அதுதான். வீட்டில் வெட்டுகிறவர்கள் சில சமயம் ரத்த இறகையே வெட்டிவிடுகிறார்கள். அடித்தண்டு கருநீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அதில் ரத்தம் ஓடுகிறது. சாம்பல் நிறப் பறவையில் தெரியாது, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கும்மிருட்டில் தூங்க வைப்பது

காக்டெய்ல் இரவில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் கண்மண் தெரியாமல் பறப்பதற்குப் பேர்போனது. பல்லி ஓடினாலும் போதும், தீபாவளி வாரத்தில் கேட்கவே வேண்டாம். இருட்டில் கம்பி எங்கே என்று தெரியாமல் மோதித்தான் பல இறகுகள் உடைகின்றன. கூண்டுக்கு அருகே ஒரு ஜீரோ வாட் பல்பு போடுங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊர் என்றால் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். கூண்டை முழுவதும் மூடாமல் ஒரு பக்கம் திறந்து வையுங்கள். படபடப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கையை விடாதீர்கள். விளக்கைப் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, வழக்கமாகப் பேசுகிற குரலில் பேசுங்கள். அது குச்சியில் ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கையைப் பார்த்துக்கொள்ளலாம்.