ஐந்து சதவீதம் ஒன்பதான விதம்

தகடு அழுத்தும் பவர் பிரஸ் இயந்திரத்தில் என் ஆள்காட்டி விரல் மாட்டியது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறை, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது, அது தெரியாமல் அந்த அலுவலகத்துக்கு மூன்று நாள் வீணாக அலைந்தேன். முதலாளியோ "பார்க்கலாம்" என்பதோடு சரி. அப்புறம்தான் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டேன்.

அங்கே இடித்தது டாக்டர் சான்றிதழ். "விரல் நுனி இழப்பு" என்று மட்டும் இருந்தது. அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, எலும்பு போகாத நுனிக்குச் சம்பாதிக்கும் திறனில் 5% இழப்பு, ஒரு கணு (விரலின் ஒரு எலும்புத் துண்டு) போனால் 9%; இழப்பீடும் அந்தக் கணக்கில்தான். கிட்டத்தட்ட பாதிப் பணம் அந்த ஒரு சொல்லில்! விபத்தன்று எடுத்த எக்ஸ்ரே, பரணில் பழைய காலண்டருக்குள் சுருண்டு கிடந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், கடைசிக் கணு எலும்பையே காணோம். அதைக் காட்டி, "எலும்புடன் ஒரு கணு இழப்பு" என்று சான்றிதழைத் திருத்தி வாங்கினேன். உத்தரவு 9 சதவீதத்துக்கே வந்தது. அப்பாடா!