சியாங் மாயில் வெகுவாகக் குறைந்த மின்கட்டணம்

தாய்லாந்தின் சியாங் மாயில் மாதம் 7,000 பாட் வாடகைக்கு எடுத்த அறைக்கு, ஏப்ரல் மாத மின்கட்டணம் மட்டும் 3,400 பாட் வந்தது. ஏசியை 27 டிகிரியில் வைத்தேன். அதன் வடிகட்டியைக் கழுவினேன். ஃபிரிட்ஜின் மீது ஐயம் கொண்டு இரண்டு நாள் அணைத்து வைத்ததில் மீன் கெட்டதுதான் மிச்சம். பிறகு தாழ்வாரத்து மீட்டரை நாள்தோறும் படமெடுத்துக் கணக்கிட்டபோது, பில்லில் இருந்த 425 யூனிட்டில் பிழையே இல்லை என்பதும், யூனிட்டுக்கு 8 பாட் என்று கட்டட உரிமையாளர் தாமே வைத்த விலை தாய் மொழி ஒப்பந்தத்தின் ஒரு வரியில் ஒளிந்திருந்ததும் தெரிந்தன. ஒப்பந்தம் முடிந்ததும், மாகாண மின்வாரியத்தின் பில் நேரடியாக வரும் தனி வீட்டுக்கு மாறினேன். அங்கே ஏறக்குறைய அதே அளவு மின்சாரத்துக்கு 2,000 பாட்தான். அதையும் தெருமுனை செவன் இலெவன் கடையிலேயே கட்டிவிடுகிறேன். பல வாரத் தலைவலி ஒருவழியாகத் தீர்ந்தது.