டிஸ்சார்ஜ் புக்கில் விட்டுப்போன மெடல்கள்: மனு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐந்து மெடல் மாட்டியிருக்கும். டிஸ்சார்ஜ் புக்கைப் பிரித்தால் மூன்றுதான் எழுதியிருக்கும். சில வீடுகளில் இது தலைகீழாக இருக்கும்: புத்தகத்தில் பெயர் உண்டு, மெடல் கைக்கு வரவே இல்லை.

“நான் சண்டைக்குப் போனது ஊருக்கே தெரியும், அதுக்கு எதுக்குப் பேப்பர்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர் இருக்கும்வரை அந்தக் கேள்வி நியாயம்தான். அவருக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளுக்குப் பேப்பர் மட்டும்தான் சாட்சி. அதனால், அவரே பக்கத்தில் உட்கார்ந்து யூனிட்டையும் வருஷத்தையும் இடத்தையும் சொல்லக்கூடிய இப்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும். நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்காகப் பதிவு திருத்தப்படுவதில்லை. நீங்கள் அங்கே இருந்ததாக பார்ட் டூ ஆர்டரில், அதாவது ஒவ்வொருவரின் சர்வீஸ் விவரத்தையும் பதிவுசெய்து வெளியிடும் உத்தரவில், வெளியாகியிருக்க வேண்டும். சேர்ந்தது, மாற்றல், கல்யாணம், லீவு, மெடல் எல்லாமே அந்த ஆர்டரில் வெளியாகி, அங்கிருந்து ஷீட் ரோலுக்கு, அதாவது அவருடைய முழு சர்வீஸ் பதிவேட்டுக்கு, போகும். ரிட்டையர் ஆகும் நேரத்தில் ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக்கை எழுதுவார்கள். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூன்று குறை, மூன்று மனு

பதிவிலேயே மெடல் இல்லாதது ஒரு குறை. பதிவில் இருந்தும் மெடல் வழங்கப்படாதது இன்னொன்று. வாங்கிய மெடல் தொலைந்துபோனது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே காகிதத்தில் கலந்து “மெடல் கிடைக்கவில்லை” என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதலாவதற்கு ஆதாரம் தேடி, ஆர்டர் வெளியிடச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு, ஏற்கெனவே வெளியான ஆர்டரின் எண்ணைக் காட்டி வழங்கச் சொன்னால் போதும். தொலைந்ததற்கு, தொலைந்த விவரத்தை எழுதி, விலை கட்டி மாற்று மெடல் கேட்க வேண்டும். கலந்து எழுதினால், எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் போட்டு ஃபைலை மூடிவிடுவார்கள்.

சுவரில் தொங்கும் மெடலையே ஆதாரமாகக் காட்டுபவர்களும் உண்டு. அதைக் கழற்றி விளிம்பைப் பாருங்கள். அரசு கொடுத்த மெடலின் ஓரத்தில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். வழுவழுவென்று இருந்தால் அது பரேடுக்காகக் கடையில் வாங்கியதாக இருக்கலாம். மெடல் வந்துசேர வருஷக்கணக்கில் தாமதமானதால் ஜவான்கள் பலர் அப்படி வாங்கி அணிந்தார்கள். அதில் தப்பு காண ஒன்றுமில்லை, ஆனால் அது ஆதாரம் ஆகாது.

வெலிங்டனில் எல்லாம் கிடைக்காது

எம்.ஆர்.சி. (மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர்) நம் வாசலிலேயே இருப்பதால், எந்தப் படையில் இருந்தவரானாலும் நேராக வெலிங்டனுக்குப் போய் நிற்கிறார்கள். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்டின் ரெக்கார்ட்ஸ், அதாவது பதிவு அலுவலகம், மட்டும்தான். மெட்ராஸ் சாப்பர்ஸில் (ராணுவப் பொறியாளர் படை) இருந்தவருக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, வண்டி, கருவிகளைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ.க்கு செகந்திராபாத், மருத்துவப் பிரிவான மெடிக்கல் கோருக்கு லக்னோ. விமானப்படைக்கு டெல்லி, கடற்படைக்கு மும்பை. ரிட்டையர் ஆன பிறகு டி.எஸ்.சி.யில் (பாதுகாப்புப் பணிக்கான டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு இரண்டாவது ஆர்மி நம்பர் உண்டு, அதன் பதிவுகள் கண்ணூரில் இருக்கும். முதல் சர்வீஸில் விட்டுப்போன மெடலைப் பழைய ரெஜிமென்டின் ரெக்கார்ட்ஸில் கேட்க வேண்டும். மனுவில் இரண்டு நம்பரையும் எழுதிவிடுங்கள்.

நம்பர் மாறும் இடம் இன்னொன்றும் உண்டு. நாயிப் சுபேதாராகப் பிரமோஷன் வந்ததும் ஜே.சி. (ஜூனியர் கமிஷன்ட்) நம்பர் கொடுப்பார்கள். சிப்பாயாக இருந்தபோது பழைய நம்பரில் வெளியான மெடல் ஆர்டரை ஜே.சி. நம்பரை வைத்துத் தேடினால் அகப்படாமல் போகலாம்.

கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும், ஸ்பர்ஷ் தளத்திலும் இதற்கு மனு போடுகிறார்கள். ஸ்பர்ஷ் பென்ஷனுக்கானது, சர்வீஸ் மெடலைச் சேர்க்கும் வேலை அங்கே நடக்காது. ஊட்டியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்தால் மனுவை உரிய ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பி வைப்பார்கள். முடிவு எடுப்பது ரெக்கார்ட்ஸ்தான்.

கூட இருந்தவருக்குக் கிடைத்ததே!

பெரிய மனவருத்தம் இதில்தான் வருகிறது. “அவனும் நானும் ஒரே நாள் சேர்ந்தோம், அவனுக்கு ஸ்டார் இருக்கு, எனக்கு இல்லை.” ஸ்டார் என்பது போர்முனையில் இருந்தவர்களுக்குத் தரும் நட்சத்திர வடிவ மெடல். ஆனால் மெடல் போவது ஆள் நின்ற இடத்தையும் நாளையும் பார்த்து. 1971 போரையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 மெட்ராஸ் பட்டாலியன் கிழக்கு முனையில் போரிட்டது, 16 மெட்ராஸ் பட்டாலியன் மேற்கே பசந்தர் பக்கம் நின்றது. கிழக்குக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார். அதே டிசம்பரில் ட்ரெயினிங் சென்டரில் இருந்தவருக்கு இந்த ஸ்டார்கள் இரண்டும் வராது. ஆனால் சங்ராம் மெடல் வரும், ஏனென்றால் அது 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை சர்வீஸில் இருந்தவர்களுக்கானது. கார்கிலிலும் அப்படியே. போர் நடந்த பகுதியில் இருந்தவருக்கு ஓ.பி. விஜய் ஸ்டார், அந்த நடவடிக்கைக்காக வேறு இடங்களில் நிறுத்தப்பட்டவருக்கு ஓ.பி. விஜய் மெடல். ஸ்டாரைக் கேட்டு வாதாடிக்கொண்டே, உரிமையுள்ள மெடலைக் கேட்காமல் விட்டவர்கள் உண்டு.

தேதியை மட்டும் வைத்து வீட்டிலேயே சரிபார்க்கக்கூடிய மெடல்களும் இருக்கின்றன. 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவருக்குச் சுதந்திர 25ஆம் ஆண்டு மெடல், 1997 ஆகஸ்ட் 15 அன்று இருந்தவருக்கு 50ஆம் ஆண்டு மெடல். 1965 போரின்போது ஏற்கெனவே 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தவருக்கு ரக்ஷா மெடல். 9, 20, 30 வருஷ நீண்ட சேவை மெடல்களையும் பார்க்க வேண்டும். 20 வருஷம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்தவரின் புத்தகத்தில் 9 வருஷ மெடலோடு நின்றுபோயிருக்க வாய்ப்புண்டு. டிஸ்சார்ஜ் புக்கிலுள்ள சேர்ந்த தேதியையும் விடுவித்த தேதியையும் பக்கத்தில் எழுதிவைத்து, இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும்.

கிளாஸ்ப், அதாவது மெடல் ரிப்பனில் மாட்டும் இடப் பெயர்ப் பட்டை, அந்த விஷயமும் குழப்பம் தரும். சைன்ய சேவா மெடலுக்கு ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா என்று இடத்துக்கொரு கிளாஸ்ப் உண்டு. ஏற்கெனவே மெடல் வாங்கியவர் வேறு பகுதியில் தகுதி பெற்றால் கிளாஸ்ப்தான் கூடும், இரண்டாவது மெடல் வராது. மனுவில் இன்னொரு மெடல் என்று எழுதினால், “ஏற்கெனவே வழங்கப்பட்டது” என்று ஒரு வரியில் பதில் வரும்.

வீரதீர விருதுகளின் வழி வேறு. சேனா மெடல் உட்பட அவை இந்திய அரசிதழில் வெளியாகும். அரசிதழின் தேதியைக் கண்டுபிடித்து நகல் இணைத்தால் மறுக்க இடமில்லை. சேனா மெடலில் வீரத்துக்கானது ஒன்று, சிறப்பான பணிக்கானது ஒன்று. மாதப் படி வீரத்துக்கானதற்கு மட்டும்தான். பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) அந்தப் படி விட்டுப்போயிருந்தால் ரெக்கார்ட்ஸ் வழியாகத் திருத்த பி.பி.ஓ. வாங்க வேண்டும். காயத்துக்கான பராக்ரம் பதக்கத்துக்கு, எதிரியோடு நடந்த நடவடிக்கையில் பட்ட காயம் என்று பதிவாகியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை எந்தக் காரணத்துக்கும் தூக்கிப் போடாதீர்கள்.

பெயரும் மனுவும்

நம் மலையில் பெயர்ச் சிக்கல் பெரியது. பெள்ளி, ஜோகி போன்ற பெயர்களை ஆள் சேர்த்த அன்று கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். கடைசியில் ஒருவர் ‘ஐ’ போடுவார், ஒருவர் ‘ஐ இ’, இன்னொருவர் ‘ஒய்’. அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலாக நிற்கும், இன்னோரிடத்தில் குடும்பப் பெயராக விரியும். ஆதாரில் உள்ளபடி மனு எழுதி, டிஸ்சார்ஜ் புக் நகலை இணைத்து அனுப்பினால் இரண்டு வேறு ஆட்களாகத் தெரியும். மனுவில் ராணுவப் பதிவில் இருக்கும் எழுத்துகளையே அச்சு அசலாக எழுதுங்கள். ஆதாரில் பெயர் வேறாக இருப்பதைக் கீழே தனி வரியில் சொல்லுங்கள். அவர் காலமாகி மனைவி கேட்பதாக இருந்தால், கல்யாணம் பார்ட் டூ ஆர்டரில் வெளியாகியிருக்கிறதா, அதில் மனைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாமலோ மாறியோ இருந்தால் மெடல் வேலையை நிறுத்திவைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள். குடும்ப பென்ஷனுக்கும் அது தேவைப்படும்.

“எனக்குரிய மெடல்கள் அனைத்தையும் வழங்க வேண்டுகிறேன்” என்ற ஒற்றை வரி மனுவால் பயனில்லை. இப்படி எழுதலாம்: “1987 நவம்பர் முதல் 1989 ஜனவரி வரை இந்த யூனிட்டுடன் இலங்கையில் பணியாற்றினேன். ஸ்ரீலங்கா கிளாஸ்ப்புடன் கூடிய ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் என் டிஸ்சார்ஜ் புக்கில் இல்லை. இதற்கு பார்ட் டூ ஆர்டர் வெளியாகியிருந்தால் எண்ணையும் தேதியையும் தெரிவிக்கவும். இல்லையென்றால் இணைத்துள்ள ஆதாரங்களைப் பார்த்து வெளியிடவும்.” இதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புங்கள். மூவ்மென்ட் ஆர்டர், பழைய அடையாள அட்டை, யூனிட் கொடுத்த சான்று எல்லாம் துணை நிற்கும். கூட இருந்தவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் தனியாக நிற்காது, ஆனால் அவருடைய பார்ட் டூ ஆர்டர் எண் கிடைத்தால் அது பெரிய உதவி. ஒரே ஆர்டரில் பலர் பெயர் வந்திருக்கும்.

ஒரிஜினலை அனுப்பவே கூடாது, சான்றொப்பமிட்ட நகல் போதும். டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யவும் கூடாது. ஐப்பசி மழையில் குன்னூர் வீடுகளில் காகிதம் பூஞ்சை பூப்பது உண்மைதான், அந்தப் பயத்தில்தான் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆனால் பிளாஸ்டிக்குக்குள் போன பக்கத்தில் நாளைக்கு ரெக்கார்ட்ஸ் எப்படி எழுதி முத்திரை வைக்கும்? காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் வரும் நாளில் எடுத்து உலர்த்துங்கள்.

பதில் வராதபோது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தில், உங்கள் ஷீட் ரோல் நகலையும் பார்ட் டூ ஆர்டர் விவரத்தையும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பலர் அதிலேயே “மெடலைச் சேர்த்துத் தரவும்” என்று எழுதிவிடுகிறார்கள். அந்தச் சட்டத்தில் தகவல்தான் கிடைக்கும், திருத்தம் கிடைக்காது. அதனால் முதலில் தகவலை வாங்கி, அதைக் காட்டி ரெக்கார்ட்ஸுக்குத் தனி மனு போடுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அவர்களுடைய ஆவணங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம், லாங் ரோல் என்ற நிரந்தரப் பதிவேட்டில் உள்ள சில வரிகள்தான் மிஞ்சும்.

ரெக்கார்ட்ஸ் மறுத்துவிட்டால் சென்னையில் ஆயுதப்படை தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. வாரிசுகளும் போகலாம். மறுப்பு உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனுவுக்கு ஆறு மாதம் பதிலே இல்லையென்றால் அடுத்த ஆறு மாதத்துக்குள். நியாயமான காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்க அதிகாரம் உண்டு, ஆனாலும் அதை நம்பி உட்காரக் கூடாது. அதே மனுவைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் கெடு புதிதாகத் தொடங்கும் என்று நினைப்பதும் தவறு. முதல் மனுவையே ஸ்பீட் போஸ்டில், பதிவு செய்து, டெலிவரி ஒப்புகையோடு அனுப்புங்கள். கிடைக்கும் ஒப்புகையை மனு நகலோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். தீர்ப்பாயத்தில் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.